கழுவிப்போட்டு அமுக்கிறதோ, அமுக்கிப்போட்டுக் கழுவுறதோ?

கனகாலமாய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படிப்பு, பகுதிநேர வேலை, குளிர் என்று வழக்கமான சாட்டுக்கள்தான். இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவரும் அவருடைய மருமகனும் கராஜுக்குள் நின்று சண்டை பிடித்ததால்தான் இந்தப் பதிவு.

நான் இருக்கிறது அஜக்ஸில். ரொறன்ரோவில் இருந்து கிழக்காலே, கோ ட்ரெயினில் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்திடலாம். ஸ்காபரோவில் வாடகை கட்ட ஏலாமல் இங்கே ஒரு பேஸ்மென்ற்றில் ஒதுங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக்காரர், எண்பதைத் தாண்டியவர், மான் வேட்டைக்குப் போகிறவர். பழைய லீ என்பீல்ட் .303 ஒன்று வைத்திருக்கிறார், தகப்பனுடையதாம். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து, திருப்பி மருந்து நிரப்பிப் பாவிப்பது அவருடைய பொழுதுபோக்கு. உரிமம் உள்ளவர்கள் இதை இங்கே சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள். எங்கட ஆக்கள் கராஜுக்குள் கோழிக்கறி காய்ச்சுகிற மாதிரி.

அன்றைக்கு நடந்த சண்டை இதுதான். பித்தளைக் கோதை முதலில் கழுவிப்போட்டு அச்சில் விட்டு அமுக்கிறதோ, அமுக்கிப்போட்டுக் கழுவுறதோ? மருமகன் சொல்கிறார், அமுக்கும்போது எப்படியும் எண்ணெய் பூசத்தான் வேணும், பிறகு அந்த எண்ணெயைக் கழுவத்தான் வேணும், ஆகவே கடைசியில் ஒரேயடியாய்க் கழுவினால் போதும் எண்டு. கிழவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "முதல்ல கழுவு, பிறகு மற்றக் கதை" என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். இதென்ன கண்டறியாத சண்டை எண்டு நினைச்சுக்கொண்டுதான் உள்ளே போனேன். இரண்டு கிழமை கழித்தும் அது மண்டைக்குள்ளே கிடந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விசயம் தெரியாத ஆக்களுக்காக. (நானும் போன மாதம் வரைக்கும் அதிலே ஒருவன்தான்.)

தோட்டாவில் முன்னுக்குப் பறக்கிறது ஈயமும் செம்பும் சேர்ந்த சன்னம். பின்னுக்கு நிற்கிறது பித்தளைக் கோது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு நாகம். சுடும்போது உள்ளே மருந்து எரிந்து வாயு வீங்க, கோதும் வீங்கித் துப்பாக்கி அறையின் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கமாய்ச் சுடுகிறவனுடைய முகத்துக்கு வராமல் தடுப்பது அதுதான். அழுத்தம் குறைந்ததும் கோது கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்கு வராது. எங்கட வீட்டில் சேட்டு தோய்ச்சால் சுருங்கும், இது சுட்டால் பெருக்கும். அந்தப் பெருத்த கோதைத் திரும்பப் பழைய அளவுக்குக் கொண்டுவர உருக்கு அச்சொன்றுக்குள் வைத்து நெம்புகோலால் அமுக்குவார்கள். பிறகு பின்பக்கத்தில் வெடித்துப்போன கேப்பைத் தட்டிப் புதிது வைத்து, மருந்து போட்டு, சன்னத்தை இறுக்கினால் திரும்பவும் தோட்டா.

கிழவருடைய நியாயம் லேசானது. நிலத்தில் விழுந்த கோதில் மண் இருக்கும். மண் என்றால் சிலிக்கா, பித்தளையை விட எத்தனையோ மடங்கு கடினம், உருக்கையே கீறும். ஒரே ஒரு மணல் துணிக்கை அச்சுக்குள் போனால் அச்சில் ஒரு கீறல் விழும். அதற்குப் பிறகு அந்த அச்சுக்குள் போகிற ஒவ்வொரு கோதிலும் அதே கீறல். ஒரு கோதின் ஊத்தை ஆயிரம் கோதுக்குப் போய்விடும். அதனால் முதலில் கழுவு, காயவிடு, மெல்லிய எண்ணெய் பூசு, அமுக்கு, பிறகு எண்ணெயையும் துடை. இரண்டு முறை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், வேற வழியில்லை. கேப்பைக் கழுவமுதல் கழற்றுவதா பிறகு கழற்றுவதா என்பது உட்கட்சிச் சண்டை, அதற்குள் நான் போகவில்லை :-)

இந்த ஒழுங்கு எங்கே இருந்து வந்தது எண்டு தேடப் போனால், அங்கேதான் சரித்திரம் தொடங்குகிறது.

1870, 80களில் அமெரிக்க இராணுவம் மேற்கு எல்லைக் கோட்டைகளில் இருந்த படையினருக்குத் தோட்டா நிரப்பும் கருவிகளையே கொடுத்திருந்தது, பயிற்சிச் செலவைக் குறைக்க. அப்போது மருந்து என்றால் கரிமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. எங்கட கோயில் வெடிக்காரர் இடிக்கிற அதே சாமான். கரிமருந்து எரிந்த பிறகு கோதுக்குள் மிஞ்சுகிற சாம்பல் ஒரு உப்புக்கூட்டம். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையைத் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே சுட்ட கையோடு தண்ணீரில் போட்டுக் கழுவ வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் 'முதலில் கழுவு' என்பது அச்சைக் காப்பாற்ற இல்லை, கோதையே காப்பாற்ற. கழுவாமல் இரண்டு கிழமை விட்டால் அமுக்குவதற்குக் கோது மிஞ்சாது.

பிறகு 1880களின் நடுப்பகுதியில் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. சாம்பல் உப்பு கிட்டத்தட்ட இல்லாமல் போனது. நிம்மதி எண்டுதானே நினைப்பீர்கள்? இல்லை. அந்தக் காலத்துக் கேப்பில் பாதரசச் சேர்வை ஒன்று இருந்தது. கரிமருந்து எரியும்போது அந்த இரசம் சாம்பலோடு கலந்து கழுவுப்பட்டுப் போய்விடும். சாம்பல் இல்லாமல் போனதும் இரசம் நேராய்ப் பித்தளைக்குள் ஊறியது. பொற்கொல்லரைக் கேட்டால் சொல்லுவார், இரசம் பட்ட நகை என்ன பாடுபடும் எண்டு. பித்தளையும் அப்படித்தான். வெளியில் பார்க்கப் பளபளவென்று இருக்கும், அமுக்கினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். இதை எந்தக் கழுவலும் காப்பாற்றாது. அமெரிக்க இராணுவம் 1900 அளவில் இரசக் கேப்பைக் கைவிட்டது. பிரிட்டிஷ்காரர் .303க்கு இன்னும் பல வருசம் அதையே வைத்திருந்தார்கள். சுத்தமாய்த் தெரிகிறது வேறு, சுத்தமாய் இருக்கிறது வேறு எண்டு அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர் காசு குடுத்துத்தான் படித்தார்கள்.

இடையில் ஒரு சிரிப்புக் கதை. கேப் வைக்கிற முறை இரண்டு. ஒன்று பொக்ஸர், மற்றது பேர்டன். பொக்ஸர் முறையில் கோதின் அடியில் நடுவில் ஒரே ஓட்டை, ஒரு ஊசியை விட்டுத் தட்டினால் பழைய கேப் விழுந்துவிடும். பேர்டனில் ஓரத்தில் இரண்டு சின்ன ஓட்டை, ஊசி போகாது, கிண்டி எடுக்க வேணும். எட்வர்ட் பொக்ஸர் ஆங்கிலேயர், ஊல்விச் ஆயுதச்சாலைக்காரர். ஹிராம் பேர்டன் அமெரிக்கர். ஆனால் பொக்ஸருடைய முறை அமெரிக்காவில் நிலைத்தது, பேர்டனுடையது ஐரோப்பாவில். அமெரிக்கர்கள் வீட்டுக்கு வீடு தோட்டா நிரப்புவதற்கும் ஐரோப்பாவில் அது குறைவாய் இருப்பதற்கும் இந்த மாறாட்டமும் ஒரு காரணம். சம்பந்தம் செய்து பொம்பிளை மாப்பிள்ளை மாறிப்போன கதை மாதிரி.

சரி, இனி இந்தியாவுக்கு வருவம். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் மழைக்காலம் வந்தால் படை நடவடிக்கைகள் குறையும். தோட்டாப் பெட்டிகளை மழை படாத இடத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை படாத பெரிய கட்டிடம் எது? குதிரை லாயம். மழை முடிந்து வெயில் வந்து பெட்டியைத் திறந்தால், ஒருவரும் தொடாத, சுடாத, புத்தம்புதுத் தோட்டாக்களில் வெடிப்பு! முக்கியமாய் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கிற கழுத்துப் பக்கத்தில். துரு இல்லை, அடிபட்ட அடையாளம் இல்லை. பித்தளை தானாகப் பிளந்திருந்தது. கனகாலமாய் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை. சாமான் கூடாது எண்டு தொழிற்சாலையைத் திட்டியிருப்பார்கள், தொழிற்சாலைக்காரர் களஞ்சியக்காரரைத் திட்டியிருப்பார்.

1921ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்று மூன்று பேர் விடையைச் சொன்னார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து கிளம்புகிற அமோனியா ஒரு பாதி. மற்றப் பாதி பித்தளைக்குள்ளேயே இருந்தது.

அந்த மற்றப் பாதியைக் கொஞ்சம் விளக்க வேணும். கோது வார்க்கப்படுவது இல்லை. தட்டையான பித்தளை வில்லையை முதலில் கிண்ணம் மாதிரிக் குழித்து, பிறகு அச்சுக்குள் இழுத்து, இன்னும் இழுத்து, நீளக் குழாயாக்குவார்கள். குளிர்ந்த நிலையில் இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும். இறுகினதை அப்படியே இழுத்தால் கிழியும். ஆகவே ஒவ்வொரு இழுவைக்கும் இடையில் உலையில் சூடாக்கி இளக்குவார்கள், சூட்டில் வந்த கறுப்பை அமிலத்தில் கழுவுவார்கள், பிறகுதான் அடுத்த இழுவை. இளக்கு, கழுவு, இழு. திரும்ப இளக்கு, கழுவு, இழு. கிழவர் கராஜில் பிடிவாதமாய் நின்றாரே, அந்த ஒழுங்கு கோது பிறந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. கடைசி இழுவைக்குப் பிறகு உலோகத்துக்குள் ஒரு இழுபறி மிஞ்சி நிற்கும். வெளியில் தெரியாது. எந்தப் பக்கமும் அசையாமல் இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிற போட்டி மாதிரி. அந்த இழுபறியில் நிற்கிற பித்தளைக்கு அமோனியா பட்டால், படிகங்களுக்கு இடையில் இருக்கிற பிடியை அது அரித்துவிடும், உள்ளே இருந்த இழுபறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அமோனியா மட்டும் என்றால் கறுக்கும், அவ்வளவுதான். இழுபறி மட்டும் என்றால் நூறு வருசமும் சும்மா கிடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பிளக்கும். வைத்தியமும் அதிலேயே கிடைத்தது: முடிவில் மிதமாய் ஒருமுறை சூடாக்கி இழுபறியை ஆற்றிவிடு, அமோனியாவைக் கிட்ட விடாதே.

பித்தளை மினுக்குகிற கடைச் சாமான்கள் சிலதில் அமோனியா இருக்கும். கோதுக்கு அதைப் போடாதே எண்டு கிழவர் சொன்னது இதனாலேதான். அவருக்கு குதிரை லாயக் கதை தெரியாது, நான் சொன்னபோது வாயைத் திறந்துகொண்டு கேட்டார். "என்ர தகப்பன் சொன்னவர், அதனால செய்யிறன்" என்றார். அமுக்குவது என்பது பித்தளைக்குள் இன்னொரு இழுபறியைப் புதிதாய் ஏற்றுவது. அமுக்கினதன் பிறகு கண்டதைப் போட்டுக் கழுவினால் இந்திய லாயத்தைக் கராஜுக்குள் கொண்டுவந்த மாதிரி. மருமகனுடைய ஒழுங்கில் அந்த ஆபத்தும் இருக்கு.

எங்கட ஊரிலும் பித்தளை அறிவு இல்லாமல் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுகிறவர் முதலில் சாம்பல், மண் போட்டு உரஞ்சிக் கழுவுவார், பிறகு நெருப்பில் காய்ச்சுவார், பிறகு நவச்சாரம் தூவி ஈயத்தைத் துணியால் இழுப்பார். நவச்சாரம் என்றால் அமோனியாச் சேர்வை! தட்டி இறுகின பாத்திரத்துக்கு அமோனியா. ஆனால் நெருப்பு முதலில் வந்து இழுபறியை ஆற்றிவிடுகிறது. கழுவு, காய்ச்சு, பூசு. அவருக்கு 1921 ஆராய்ச்சி தேவைப்படவில்லை, ஒழுங்கு மட்டும் தெரிந்திருந்தது. நீலகிரியில் அருவங்காட்டில் 1903ல் பிரிட்டிஷ்காரர் கோர்டைட் ஆலை கட்டியபோது, இந்தக் கோதுகளுக்குள் போகிற புகையில்லா மருந்தைச் செய்கிற வேலையும் தமிழ் நாட்டு மலைக்கு ஏறிவிட்டது.

இனி அஜக்ஸ். நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற தெரு ஹார்வூட் அவெனியூ. ஹார்வூட் யார் எண்டு இரண்டு வருசமாய்த் தெரியாமல் நின்றிருக்கிறேன். 1939 டிசம்பர் 13ல் தென்னமெரிக்காவில் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே அஜக்ஸ், அக்கிலீஸ், எக்ஸிட்டர் என்ற மூன்று கப்பல்கள் ஜேர்மனியின் கிராஃப் ஸ்பீயோடு மோதின. மூன்றுக்கும் தலைவர் ஹார்வூட், அஜக்ஸில் நின்றவர். நாலு நாள் கழித்து கிராஃப் ஸ்பீயை அதன் கப்டனே மொன்ரவிடியோவுக்கு வெளியே மூழ்கடித்தார். கிரேக்கக் கதையில் வருகிற வீரனின் பெயர், பிரிட்டிஷ் கப்பலுக்குப் போய், அங்கே இருந்து இந்த ஊருக்கு வந்தது. மாலுமிகள் பலரின் பெயரில் இங்கே தெருக்கள் இருக்கு.

பெயர் ஏன் தேவைப்பட்டது? 1941க்கு முதல் இங்கே ஊரே இல்லை. பிக்கரிங் பகுதியின் வயல்கள். அந்த வருசம் அரசாங்கம் ஏறத்தாழ 2,800 ஏக்கரைக் கமக்காரரிடம் இருந்து சட்டப்படி எடுத்து, டிஃபென்ஸ் இன்டஸ்ரீஸ் லிமிட்டெட் என்ற கம்பனியின் செல் நிரப்பும் ஆலையைக் கட்டியது. உச்சத்தில் 9,000 பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள், சஸ்காச்சுவான் போன்ற மேற்கு மாகாணங்களில் இருந்து ரயிலேறி வந்த இளம்பெட்டையள். 1945 வரைக்கும் அவர்கள் நிரப்பின செல்கள் 4 கோடிக்கு மேலே.

நாலு கோடி செல். இந்த வரியை வாசித்ததும் கொஞ்ச நேரம் கணினியை மூடிவைத்தேன். செல் என்ற சொல்லை நாங்கள் எந்த வயதில் பழகினோம் எண்டு உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆலைக்குள்ளும் முதல் சட்டம் கழுவுறதுதான். இப்படியான நிரப்பும் ஆலைகளில் உடுப்பு மாற்றும் கட்டிடத்தின் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் ஊத்தைப் பக்கம், மற்றது சுத்தப் பக்கம். ஊத்தைப் பக்கத்தில் வெளியுடுப்பு, சப்பாத்து, மோதிரம், கொண்டை ஊசி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தடுப்பைத் தாண்டி, ஆலை தருகிற உடுப்பையும் சப்பாத்தையும் போட்டுத்தான் உள்ளே போகலாம். நெருப்புப்பெட்டியோடு பிடிபட்டால் தொலைந்தது. காரணம் அதே மணல் துணிக்கைதான். அச்சுக்குள் போனால் கீறல். மருந்துக்குள் போனால் உரசல், உரசினால் சூடு, அதற்குப் பிறகு சொல்ல ஆள் இருக்காது. எங்கட சனம் நிறைஞ்ச ஸ்காபரோவில் வோர்டன், எக்ளின்ரன் பக்கம் ஜீகோ என்ற இன்னொரு ஆலை அதே காலத்தில் 25 கோடிக்கு மேற்பட்ட பியூஸ் போன்ற சாமான்களை நிரப்பியது. 2012ல் வந்த 'பாம் கேர்ள்ஸ்' தொலைக்காட்சித் தொடர் அந்தப் பெண்களைப் பற்றினதுதான். நான் கொத்துரொட்டி வாங்கப் போகிற வழி அது!

கிழவர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். தகப்பன் சேர்த்து வைத்த பழைய .303 கோதுகள். அடியைத் திருப்பினால் எழுத்துக்கள் அடித்திருக்கும். டி.ஏ. என்றால் டொமினியன் ஆர்சனல், கனடா அரசாங்கத்தின் ஆலை. டி.ஐ. என்றால் டிஃபென்ஸ் இன்டஸ்ரீஸ், கியூபெக்கில் வெர்டன் என்ற இடத்தில் இருந்த ஆலை. இந்த ஊரைக் கட்டின அதே கம்பனி. கட்டைவிரல் அளவு வட்டத்துக்குள் ஊரும் வருசமும்.

போர்க் காலத்தில் பித்தளை பவுண் மாதிரி. பீரங்கிக்காரர் சுட்ட கோதைப் போட்டுவிட்டுப் போக ஏலாது, பொறுக்கித் திருப்பி அனுப்ப வேணும். கழுவி, சோதித்து, அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்து திரும்ப நிரப்புவார்கள். ஜேர்மனியில் செம்பு தட்டுப்பட்டு உருக்குக் கோதுக்கு மாறினார்கள். அமெரிக்கா 1943ல் ஒரு சதக் காசையே உருக்கில் அடித்தது. கனடாவின் கதை இன்னும் வேடிக்கை: நிக்கலை மிச்சம் பிடிக்க 1942ல் ஐந்து சதத்தைப் பித்தளை மாதிரி ஒரு கலப்பில் அடித்தார்கள், பிறகு அந்தச் செம்பும் நாகமும்கூட போருக்கு வேணும் எண்டு 1944ல் உருக்குக்கு மாற்றினார்கள்.

இன்னொரு விசித்திரம். அஜக்ஸ் கப்பலின் பெரிய ஆறு அங்குலப் பீரங்கிகளுக்குப் பித்தளைக் கோதே கிடையாது. மருந்தைத் துணிப் பையில் கட்டி நேராய் உள்ளே தள்ளுவார்கள். கோது இல்லாத பீரங்கிக் கப்பலின் பெயரில் ஒரு வெடிமருந்து ஊர். (டில்கோ, பவுடர் சிட்டி என்றும் பெயர் யோசித்தார்களாம். நல்லகாலம், என்ர முகவரி பவுடர் சிட்டியாய் இருந்திருந்தால் அம்மா என்னவென்று கடிதம் போடுறது?)

போர் முடிந்ததும் ஆலை மூடியது. 1946ல் இருந்து 1949 வரைக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகம் அதே கட்டிடங்களில் பொறியியல் வகுப்பு நடத்தியது, போரில் இருந்து திரும்பின ஏழாயிரம் பேர் அளவில் படித்தார்கள். தற்காலிகம் எண்டு கட்டின அறுநூறு வீடுகளில் நிறைய இன்னும் நிற்கின்றன, மேலே மாடி ஏற்றி, பக்கத்தில் அறை சேர்த்து. 1955ல் அஜக்ஸ் முறைப்படி நகரமானது.

இனி அந்தக் காரணம். அம்மம்மாவின் காணி வலிகாமம் வடக்கில். 1990ல் விட்டுவிட்டு ஓடினது. 2015ல் கொஞ்சக் காணிகளை விட்டபோது அவவின் துண்டும் அதற்குள் வந்தது. நாங்கள் துப்புரவாக்கப் போனபோது வேலிக் கரையில் பற்றைக்குள் ஒரு பெரிய பித்தளைக் கோது கிடந்தது, முழங்கை நீளம் வரும். செல் விழுகிற இடத்தில் பித்தளை கிடைக்காது, அங்கே இரும்புச் சில்லுத்தான். பித்தளைக் கோது கிடக்கிறது பீரங்கி நின்று சுட்ட இடத்தில். அப்போது எனக்கு அது ஓடவில்லை. அம்மம்மா ஓடுகிற ஆளும் இல்லை. "நல்ல பித்தளை" எண்டு எடுத்து, பழப்புளி போட்டுப் பொச்சால் உரஞ்சிக் கழுவி, மாட்டுக் கொட்டிலுக்குள் தவிடு அளக்கிற கொத்தாய் வைத்தா. இரண்டு மாரி போயிருக்கும். ஒருநாள் பார்த்தால் வாயில் இருந்து அடிப்பக்கமாய் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஒருவரும் போடவில்லை, மாடு மிதிக்கவில்லை. அவ பக்கத்து வீட்டுப் பெடியனில்தான் பழி போட்டா. அவன் பாவம், சத்தியம் பண்ணினான், நானும் நம்பவில்லை.

மாட்டு மூத்திரத்திலும் அமோனியாதானே கிளம்பும். குதிரை லாயக் கதையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பெடியனுக்கு முதலில் செய்தி போட்டேன், மன்னிப்புக் கேட்டு. அவனுக்கு அந்த விசயமே மறந்துபோச்சு. பிறகு அம்மம்மாவுக்கு அழைத்தேன். கோதின் அடியில் என்ன எழுத்து அடித்திருந்தது எண்டு பார்த்துச் சொல்லச் சொல்ல வேணும், எந்த ஊர், எந்த வருசம் எண்டு அறியலாம் அல்லவா.

"அதையோ? உடைஞ்சதை வைச்சு என்ன செய்யிறது, பழைய பித்தளைக்காரன் வரேக்க குடுத்திட்டன். வெடிச்சதெண்டு அவன் விலையையும் குறைச்சுப் போட்டான். அந்தக் காசுக்கு அரை மூட்டை தவிடு வந்தது. நீ சாப்பிட்டியோ?"